டர்பனிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு பறக்கிறீர்களா? சீட் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் வழி

சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியாயிற்று, இனி அந்த இடம் நமக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பாதுகாப்புக்காகவோ விமானத்தை இயக்கும் வசதிக்காகவோ எந்த சீட்டையும் மாற்றலாம், நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் மாற்றலாம் என்று ஏறக்குறைய எல்லா நிறுவனமும் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் கட்டிய பணம் முன்கூட்டியே கேட்டு வைத்ததற்கான பணம், அவ்வளவுதான்.

நான் முன்பு சென்னையில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி டர்பன் வந்த பிறகு, சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்தே கோயில் யாத்திரை போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறேன். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "உங்களில் யார் யார் பிரியவே கூடாது?" என்பதுதான். ஜன்னலா நடைபாதையா என்பதெல்லாம் அப்புறம்.

ஏழு பேர் போகிறீர்கள் என்றால், ஏழு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள் என்று கேட்டால் கவுன்டரில் கையை விரித்துவிடுவார்கள். இரண்டிரண்டு பேராகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். தமிழ் மட்டுமே பேசும் அம்மாவும் ஆங்கிலம் தெரிந்த மகளும் ஒரு ஜோடி. ஆறு வயதுப் பிள்ளையும் அப்பாவும் ஒரு ஜோடி. இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாத்தாவும் அதைக் கையாளத் தெரிந்தவரும் ஒரு ஜோடி. வளர்ந்த பையன்கள் எங்கே உட்கார்ந்தால் என்ன, காதில் மாட்டிக்கொண்டு தூங்கத்தான் போகிறார்கள். இந்த ஜோடிகளை டிக்கெட் போடும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் அந்தத் தாள்தான் பேசும்.

அடுத்தது பி.என்.ஆர்., அதாவது டிக்கெட்டின் பதிவுக் குறியீடு. அந்த ஆறு எழுத்துக் குறியீட்டுக்குள் இருப்பவர்களைத்தான் கம்ப்யூட்டர் ஒரே கூட்டமாகப் பார்க்கும். அண்ணன் தன் கார்டில் நாலு டிக்கெட், தங்கை தன் கார்டில் மூன்று டிக்கெட் என்று எடுத்தால், ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தாலும் இயந்திரத்துக்கு நீங்கள் அந்நியர்கள். அப்படி எடுத்தே ஆக வேண்டுமென்றால் நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, இரண்டு பி.என்.ஆரும் சேர்ந்து பயணிப்பவை என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் இதை டி.சி.பி. என்போம். அந்தக் குறிப்பு தானாக சீட் வாங்கித் தராது. பதிவைத் திறந்து பார்க்கும் ஆளுக்கு விஷயம் புரியும்.

சாதாரணமாக ஒரு பி.என்.ஆரில் ஒன்பது பேர்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ போனால் குழு டிக்கெட். அதில் கட்டணம் குறையலாம், ஆனால் சீட்டை முன்கூட்டியே பிடிக்க விடாத நிறுவனங்கள் உண்டு. வயதானவர்கள் அதிகம் உள்ள யாத்திரைக் குழு என்றால், கொஞ்சம் காசு கூடினாலும் நான் சின்னச் சின்ன பி.என்.ஆராகப் பிரித்துத்தான் போடுவேன்.

நடுவில் ஒருவர் மட்டும் திரும்பும் தேதியை மாற்றினால், அவர் பெயரைப் பிய்த்துத் தனி பி.என்.ஆரில் போட்டுவிடுவார்கள். போகும் பயணமும் அதோடு சேர்ந்து பிரியும். திரும்பும் தேதியைத்தானே மாற்றினோம் என்று விட்டுவிடாமல், போகும் சீட்டையும் அன்றே திறந்து பாருங்கள்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் கணவருக்குக் கடைசிப் பெயர் அவருடைய அப்பா பெயர், மனைவிக்குக் கணவர் பெயர், பிள்ளைக்கு அவன் அப்பா பெயர். ஒரே வீட்டில் இரண்டு கடைசிப் பெயர். கவுன்டரில் அவசரமாகப் பார்க்கிறவருக்கு அது குடும்பமாகத் தெரியாது. இங்கே பிறந்தவர்களுக்கு நேர்மாறு: நாயுடு, கோவிந்தர், பிள்ளை, மூட்லி என்று பாதி விமானமே சொந்தக்காரர்களாகத் தெரியும்! ஆகவே வாய் திறந்து சொல்ல வேண்டும்: இவர் என் மாமியார், இது என் மகன்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது முடிந்தால் டிக்கெட்டில் அவன் பெரியவன். இந்திய விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ., 2024 ஏப்ரலில் தன் நாட்டு நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்பது அது. மும்பையில் இறங்கி இந்திய நிறுவனத்தின் விமானத்தில் சென்னைக்கோ மதுரைக்கோ மாறுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். அதிலும் பாருங்கள், 'அதே பி.என்.ஆர்.'

இனி, சீட் ஏன் பறிபோகிறது என்பதற்கு வருவோம். பெரும்பாலும் காரணம் விமானத்தையே மாற்றுவதுதான். போயிங் 777-ல் பெரும்பாலான நிறுவனங்கள் 3-4-3 என்று வரிசைக்குப் பத்து சீட் போடுகின்றன. 787, ஏ350 என்றால் 3-3-3. ஏ330 என்றால் 2-4-2. நீங்கள் நாலு பேர், 777-ன் நடு வரிசையில் டி, இ, எஃப், ஜி என்று அழகாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விமானம் ஏ350-க்கு மாறினால் அந்த நாலு சீட் வரிசை என்பதே கிடையாது. கம்ப்யூட்டர் எல்லோரையும் புதுப் படத்தில் அள்ளிப் போடும்போது ஒருவர் எங்கோ பின்னால் போய் விழுவார். சாட்ஸ்வர்த் தம்பதி ஒருவருக்கு 2-4-2 விமானத்தில் ஜன்னலோர இரண்டு சீட் போட்டிருந்தேன். விமானம் மாறி, இருவருக்கும் மூன்று சீட் வரிசைகளின் நடு சீட், ஒன்றுக்கொன்று பன்னிரண்டு வரிசை தள்ளி. நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை.

நேரம் மாறினாலும் இதே கதைதான். பத்து நிமிட மாற்றத்துக்குக்கூட டிக்கெட்டை மறுபடி அச்சடிக்கும்போது சீட் உதிர்ந்துவிடுவது உண்டு. விமான நிறுவனங்களின் கோடைக்கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஏப்ரலிலேயே டிக்கெட் எடுத்தவர்கள், அக்டோபர் முடிவில் கட்டாயம் ஒரு தடவை பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். "உங்கள் பயணத்தில் சிறு மாற்றம்" என்று மெயில் வந்தாலும், ஒத்துக்கொள்ளும் பட்டனை அழுத்தியவுடன் சீட்டைப் பாருங்கள். அப்புறம் புறப்பட ஒரு வாரம் முன்பு ஒரு தடவை.

ஒரு நிறுவனத்தில் வாங்கிய டிக்கெட்டில் வேறு நிறுவனத்தின் விமானம் பறக்கும் ஏற்பாடு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விற்றவரிடம் பிடித்த சீட், ஓட்டுபவரின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஓட்டும் நிறுவனத்தின் பி.என்.ஆர். வேறாக இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய தளத்திலேயே சரிபாருங்கள்.

நாமே போய் வம்பில் மாட்டிக்கொள்ளும் சீட்டுகளும் உண்டு. முட்டி வலிக்கு வசதி என்று அவசர வாசல் வரிசைக்குப் பணம் கட்டுவார்கள், இன்னொரு பக்கம் வீல்சேரும் கேட்டிருப்பார்கள். அவசரத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்தான் அந்த வரிசையில் உட்காரலாம். வீல்சேர்க் கோரிக்கை பதிவில் ஏறினால் அங்கிருந்து எழுப்பிவிடுவார்கள், எங்கே போடுவார்கள் என்று சொல்ல முடியாது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசை, கைக்குழந்தைத் தொட்டில் மாட்டும் இடம். குழந்தையோடு யாராவது வந்தால் நீங்கள் எழ வேண்டியதுதான். முட்டி வலிக்காரர்களுக்கு என் சிபாரிசு, கழிப்பறையிலிருந்து ஐந்தாறு வரிசை தள்ளி நடைபாதை ஓர சீட், துணைக்கு வருகிறவர் பக்கத்தில்.

செக்-இன் சில நிறுவனங்களில் 48 மணி நேரம் முன்பும், சிலவற்றில் 24 மணி நேரம் முன்பும் திறக்கும். திறந்த உடனே செய்துவிடுங்கள். சீட் பிரிந்திருந்தால் கால் சென்டரில் ஒரு தடவை கேட்கலாம், ஆனால் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டால் கட்டுப்பாடு விமான நிலையத்தின் கைக்குப் போய்விடும். அப்போது ஃபோனில் சண்டை போடுவது வீண். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் கவுன்டர் திறக்கும்போதே வரிசையின் முன்னால் நில்லுங்கள். விமான நிலையத்துக்கென்று பிடித்து வைக்கும் சில சீட்டுகள் அங்கேதான் இருக்கும்.

பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "நான் காசு கட்டியிருக்கிறேன்" என்று ஆரம்பித்தால், நிபந்தனையைப் பார்க்கச் சொல்வார்கள். "என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, தமிழ் மட்டும்தான் தெரியும், அவர் பக்கத்தில் நான் இருந்தால் போதும், எந்த வரிசையானாலும் சரி" என்று சொல்லிப் பாருங்கள். எந்த வரிசையானாலும் சரி என்ற அந்தக் கடைசி வார்த்தைதான் வேலையை முடிக்கும்.

துபாயில் விமானம் மாறுகிறீர்கள் என்றால், அங்கிருந்து சென்னை போகும் விமானத்தின் சீட்டையும் இங்கேயே கேளுங்கள். அங்கே போய் மாறியிருந்தால், கேட்டில் போர்டிங் பாஸை வைத்ததும் இயந்திரம் சத்தம் போட்டு, புது சீட் எழுதிய துண்டுச்சீட்டு வரும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். அங்கேயே படியுங்கள், அங்கேயே கேளுங்கள். வராத பயணிகளின் சீட் எவை என்று அந்தக் கேட் ஊழியருக்குத்தான் தெரியும்.

உள்ளே போன பிறகு மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், பிறர் சீட்டில் முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் கேட்பது கூடாது. நம்மவர்கள் சிலர் இதைச் செய்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். நடைபாதை சீட்டுக்கு நடைபாதை சீட்டையே கொடுங்கள். நடு சீட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலைக் கேட்டால் யார் எழுவார்? முடியாது என்றால் சரி, விமானப் பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கதவு மூடும்வரை காத்திருங்கள்.

மாறி உட்கார்ந்தால் சாப்பாட்டையும் நினைவில் வையுங்கள். தனியாகச் சொல்லி வைத்த சாப்பாடு, சீட் நம்பரைப் பார்த்துத்தான் வரும். புரட்டாசி விரதத்தில் இருப்பவர் இடம் மாறிவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தால், அவருடைய சைவச் சாப்பாடு பழைய சீட்டுக்குப் போய்விடும். இன்னொன்று: 'இந்து உணவு' என்று கேட்டால் அதில் கோழியோ ஆட்டுக்கறியோ வரலாம். சைவம் வேண்டுமென்றால் 'ஆசிய சைவ உணவு' என்று கேளுங்கள்.

பணம் திரும்ப வாங்குவது பற்றி. சீட்டுக்குக் கட்டிய பணத்துக்குத் தனி ரசீது வரும். டிக்கெட் போலவே 13 இலக்க எண், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறி. எமிரேட்ஸ் 176, தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் 083. இந்த ரசீதையும், முதலில் பிடித்த சீட்டின் படத்தையும், கடைசியில் உட்கார்ந்த சீட்டின் போர்டிங் பாஸையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றாமல் அவர்கள் மாற்றினால் அந்தக் கட்டணத்தைக் கேட்கலாம். ஆனால் கவுன்டரில் அவர்கள் தந்த மாற்று சீட் அதே வகை என்றால் மறுப்பார்கள். சிலர் ஐரோப்பியச் சட்டத்தைச் சொல்லி டிக்கெட்டில் 75 சதவீதம் கேட்கிறார்கள். அது பிசினஸ் வகுப்பிலிருந்து எகானமிக்கு இறக்கினால் உள்ள விதி. அதுவும் ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும், ஐரோப்பிய நிறுவனம் அங்கே கொண்டுபோகும் விமானத்துக்கும்தான். டர்பன்–துபாய்–சென்னைக்கு எமிரேட்ஸில் போகிறவருக்கு அது பொருந்தாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் துணைக்கு இருப்பது 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கார்டில் கட்டியிருந்தால், வாங்காத சேவைக்குப் பணம் எடுத்துவிட்டார்கள் என்று வங்கியிலும் ஆட்சேபம் எழுப்பலாம். அதற்கு வங்கி காலக்கெடு வைத்திருக்கும், ஆகவே ஊரிலிருந்து திரும்பிய வாரமே எழுதிவிடுங்கள். கடிதத்தில் கோபமெல்லாம் வேண்டாம். ரசீது எண், விமான எண், தேதி, கட்டிய சீட், கொடுத்த சீட், கேட்கும் தொகை ராண்டில். ஆறு வரி போதும்.