பதிவில் விழுந்த ஓட்டை

எங்கள் மில்லில் 200 கண்காணிப்பு கேமரா. ஒன்றின் பதிவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 43 ஜிபி, மொத்தம் 8.6 டிபி. 30 நாள் வைக்க 260 டிபி. கணக்கு சரிதான். ஆனால் டிஸ்க்கில் உள்ள இடத்தைப் பார்த்தேனே தவிர, எழுதும் வேகத்தைப் பார்க்கவில்லை. டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் (ஒன்று போனாலும் தரவு தப்பும்படி) சேர்த்திருந்தேன். அதில் ஒரு டிஸ்க் போனது. அதன் தரவை மாற்று டிஸ்க்கில் மீட்டெழுதும் ரீபில்டு மூன்று நாள் இழுத்தது. அதற்குள் பதிவில் அங்கங்கே ஓட்டை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவை எல்லாம் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவை. ஓயாமல் எழுதினால் திணறும். (பெட்டியில் அதைப் போட்டிருக்கவும் இல்லை!)

பிறகு சிஎம்ஆர் டிஸ்க் (தடங்கள் படியாமல் தனித்தனியாக எழுதுவது), ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவது), ஒரு ஹாட் ஸ்பேர் (ஒன்று போனால் தானே அந்த இடத்துக்கு வரும் உபரி டிஸ்க்). கேமராக்களை இரண்டு சர்வருக்குப் பாதிபாதியாகப் பிரித்தேன். போன மாதம் வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கை உருவிப் பார்த்தேன். ஒரு நொடிகூட விடுபடவில்லை.