கூட ஓட ஆள் வேண்டுமா? பெருநகரத்தில் உங்களுக்கேற்ற ரன்னிங் கிளப்பைக் கண்டுபிடிக்கும் முறை

பெரிய நகரம் என்றால் ரன்னிங் கிளப் இல்லாமல் இருக்காது. பத்துப் பதினைந்துகூட இருக்கும். அதில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான். புதிதாக ஓடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் படம் நன்றாக இருக்கும் குழுவுக்கு முதலில் போகிறார்கள். முதல் கிலோமீட்டரிலேயே பின்தங்கி, கூட்டம் கண்ணிலிருந்து மறைந்து, தனியாகத் திரும்பி வருகிறார்கள். மறு வாரம் போவதில்லை. "ஓட்டம் நமக்கு ஒத்துவராது" என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் தேடிய வரிசைதான் தலைகீழ். முதலில் உங்கள் வேகம், பிறகு உங்கள் நேரமும் வழியும், கடைசியில்தான் குழு.

படி 1: உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓடுபவர்கள் "பேஸ்" என்று சொல்வது ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நேரம். எண் சிறியதானால் வேகம் அதிகம். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் கிளப் தேடுவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

அளப்பது எளிது. மேடு பள்ளம் இல்லாத 3 கி.மீ. பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டப்பந்தயத் திடல் கிடைத்தால் இன்னும் நல்லது. முழு அளவுத் திடலின் உள்வட்டம் 400 மீட்டர். ஏழரைச் சுற்று ஓடினால் 3 கி.மீ. முதலில் ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடங்கள். பிறகு, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். இடையில் நடக்க வேண்டியிருந்தால் நடங்கள், ஆனால் கடிகாரத்தை நிறுத்தாதீர்கள். ஆன நேரத்தை மூன்றால் வகுத்தால் உங்கள் பேஸ். 24 நிமிடம் ஆனால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். 21 ஆனால் 7. இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை ஓடிப் பார்த்து, இரண்டில் மெதுவானதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உற்சாகத்தில் எல்லாரும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுவார்கள்.

இதை உயரமான கட்டடங்களுக்கு நடுவே அளக்காதீர்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டு எதிரொலித்து வருவதால் கடிகாரமும் போனும் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடும். 7 நிமிடத்தில் ஓடுபவருக்கு 6 என்று காட்டி ஏமாற்றும். வானம் திறந்திருக்கும் பூங்கா, கடற்கரை, திடல் போன்ற இடங்களே சரி.

இந்த எண்ணைக் கிளப் அறிவிப்போடு பொருத்தும்போது ஒரு கண்ணி இருக்கிறது. சில குழுக்கள் கிலோமீட்டருக்குப் பதில் மைல் கணக்கில் பேஸ் போடுவார்கள். "பேஸ் 10" என்று பார்த்தவுடன், கிலோமீட்டருக்கு 10 நிமிடம், அதாவது வேக நடை என்று நினைத்துப் போய்விடுவீர்கள். மைலுக்கு 10 நிமிடம் என்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 நிமிடம் 13 வினாடி. புதியவருக்கு அது அதிக வேகம். மைலுக்கு 12 என்றால்தான் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடத்துக்கு அருகே வரும். எந்த அளவு என்று எழுதியிருக்காவிட்டால் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: அறிவித்த வேகத்தைவிடக் குழுக்கள் உண்மையில் கொஞ்சம் வேகமாகவே ஓடும். முன்னால் இருப்பவர்கள் பேச்சு சுவாரசியத்தில் வேகம் கூட்டுவார்கள், பின்னால் வருபவர்கள் விடாமல் துரத்துவார்கள். அதனால் உங்கள் பேஸைவிட கிலோமீட்டருக்கு 30 வினாடி மெதுவான பிரிவையே முதல் முறைக்குத் தேர்ந்தெடுங்கள். உங்கள் எண் 7 என்றால் 7.30 பிரிவு. சலிப்பாக இருந்தால் அடுத்த வாரம் வேகமான பிரிவுக்கு மேலே போகலாம். அது எளிது. தோற்றுப்போன உணர்வோடு கீழே இறங்குவதுதான் கஷ்டம்.

3 கி.மீ. இன்னும் முடியவில்லையா? அதற்கும் குழுக்கள் உண்டு. ஓடிப் பழகாதவரை 5 கி.மீ. ஓட வைப்பதற்காக 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் உருவாக்கிய "கவுச் டு 5கே" முறையை, வாரம் மூன்று நாள் வீதம் ஒன்பது வாரம், பல கிளப்புகள் தொகுதி தொகுதியாக நடத்துகின்றன. ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும். முதல் வாரத்திலேயே சேருங்கள். நான்காவது வாரத்தில் நுழைந்தால் மற்றவர்களின் கால் பழகியிருக்கும், உங்கள் காலுக்கு வலி வரும்.

படி 2: நேரமும் வழியும்

வீட்டு வாசலிலிருந்து ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆகும் குழுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல குழுவானாலும் சரி. 40 நிமிட ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். வாரநாள் மாலை ஓட்டமென்றால் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் குழு உத்தமம். வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்த பிறகு மறுபடி கிளம்புவது யாருக்கும் எளிதல்ல. காலை ஓட்டமானால், அந்த நேரத்துக்கு முதல் ரயிலோ பேருந்தோ ஓடுகிறதா என்று பாருங்கள்.

படி 3: தேடும் இடங்கள்

நகரத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரிய கிளப்புகள் மட்டுமே வரும். உங்கள் பகுதியின் பெயர், அருகிலுள்ள பூங்காவின் பெயர், ரயில் நிலையத்தின் பெயர் ஆகியவற்றோடு "ரன் கிளப்", "ரன்னர்ஸ்" என்று சேர்த்துத் தேடுங்கள். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் கிளப் பகுதி, ஒத்த ஆர்வமுள்ளவர்கள் கூடும் மீட்அப் தளம், ஃபேஸ்புக் குழுக்கள், இன்ஸ்டாகிராம் ஆகிய நான்கிலும் பாருங்கள். உறுப்பினர் எண்ணிக்கை பெரிதல்ல; கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். ஐயாயிரம் பேர் இருந்து ஆறு மாதமாகப் பதிவு இல்லையென்றால் அந்தக் குழு ஓடுவதில்லை என்று அர்த்தம். ஓட்டக் காலணி விற்கும் கடைகளும் வாராந்தர ஓட்டம் நடத்துவதுண்டு. பெரும்பாலும் அவை புதியவர்களிடம் அன்பாக இருக்கும்.

செயலியைவிட நம்பகமான வழி, விடுமுறை நாள் விடியற்காலையில் அருகிலுள்ள பெரிய பூங்காவுக்குப் போய் நிற்பது. ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு நாலைந்து பேர் ஓடினால் முதுகில் பெயர் இருக்கும். ஓடி முடித்து நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும்போது போய்க் கேளுங்கள். கடைசியாக வருபவர்களின் முகத்தையும் கவனியுங்கள். அவர்களுக்காக யாராவது காத்திருக்கிறார்களா, இல்லை எல்லாரும் கிளம்பிவிட்டார்களா? எந்த அறிவிப்பும் சொல்லாத செய்தி அது.

தனியாகச் சொல்ல வேண்டிய இரண்டு உண்டு. பார்க்ரன், 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது. இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைதோறும் 5 கி.மீ., இலவசம். இணையத்தில் ஒருமுறை பதிந்து பார்கோடு எடுத்துப் போக வேண்டும். மறந்தால் ஓடலாம், நேரம் பதிவாகாது. எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால் நீங்கள் கடைசி ஆளாக ஆகவே முடியாது. பல கிளப்காரர்கள் அங்கே கூடுவார்கள், ஒரே காலையில் நாலு கிளப்பை விசாரித்துவிடலாம்.

மற்றது ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ், 1938-இல் கோலாலம்பூரில் பிறந்த வழக்கம். முன்னால் போனவர் மாவோ சுண்ணக்கட்டியோ கொண்டு தடம் போட்டிருப்பார், கூட்டம் அதைத் தேடி ஓடும். வேண்டுமென்றே பொய்த் தடங்களும் இருக்கும். வேகமாக ஓடுபவர்கள் அதில் சிக்கித் திரும்பும்போது மெதுவானவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். கூட்டத்தைப் பிரியாமல் வைக்க இதைவிட அழகான ஏற்பாடு இல்லை. முடிந்ததும் பல இடங்களில் பீர் உண்டு. அது வேண்டாமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: அறிவிப்பைப் படித்து, நாலு கேள்வி கேளுங்கள்

இன்டர்வல், டெம்போ, ஃபார்ட்லெக், ஹில் ரிப்பீட்ஸ் என்ற சொற்கள் இருக்கும் நாள் கடினப் பயிற்சி நாள். முதல் வருகைக்கு வேண்டாம். ஈஸி ரன், சோஷியல் ரன் என்று போட்டிருக்கும் நாளுக்குப் போங்கள். "நோ டிராப்" என்று இருந்தால் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்ற வாக்கு அது. அதை நம்புமுன் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தின் வாலில் ஓட ஒரு ஸ்வீப்பரை நியமிக்கிறார்களா, குறிப்பிட்ட முனைகளில் நின்று கூடிப் போகிறார்களா, இரண்டும் இல்லையா?

இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிட வேகத்தில் 5 கி.மீ. ஓடுவேன். வியாழக்கிழமை ஓட்டத்துக்கு வர நினைக்கிறேன். உங்களின் மிக மெதுவான பிரிவு என்ன வேகத்தில் ஓடும்? கடைசியில் வருபவருடன் யாராவது இருப்பார்களா? பாதி வழியில் திரும்பிவிட வசதி உண்டா? பை வைக்க இடம் இருக்கிறதா?"

"எல்லாரும் வரலாம், கவலைப்படாதீர்கள்" என்ற பதில் அன்பானது, ஆனால் பதிலில்லை. வேகத்துக்கு எண் வரும்வரை இன்னொரு முறை கேளுங்கள். எண் சொல்லத் தெரியாத குழுவில் ஒரே ஒரு வேகம்தான் இருக்கும், அது வேகமானவரின் வேகம். இருட்டில் ஓடும் குழுவானால் விளக்குள்ள பாதையா, தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெண்கள் மட்டும் ஓடும் குழுக்களும், பெண்கள் வழிநடத்தும் குழுக்களும் பல நகரங்களில் இருக்கின்றன; அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

படி 5: முதல் நாள்

புதுக் காலணியை அன்றைக்குத்தான் முதலில் போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், கொப்புளம் நிச்சயம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். போன், சாவி, திரும்பி வரப் பயணக் காசு, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் எழுதிய சீட்டு, இவ்வளவு போதும். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், வழிநடத்துபவரிடம் சொல்லிவிட வேண்டும். இதய நோய், நெஞ்சுவலி, மயக்கம் வந்த வரலாறு இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். வழித்தட வரைபடத்தைப் போனில் படமாகச் சேமித்துக்கொண்டால் பின்தங்கினாலும் பயமில்லை.

15 நிமிடம் முன்னதாகப் போய், யார் வழிநடத்துகிறார் என்று கேட்டு, "இன்று முதல் முறை, இதுதான் என் வேகம்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் உங்களை யாரும் தேட மாட்டார்கள், தேடத் தெரியாது. ஓட்டம் தொடங்கும்போது கூட்டத்தின் பின்வரிசையில் நில்லுங்கள். முன்வரிசையில் நின்றால் முதல் 500 மீட்டர் அவர்கள் வேகத்தில் போய்விடுவீர்கள். மூன்றாவது கிலோமீட்டரில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். பேச முடிகிறதா என்று அடிக்கடி சோதித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் உடனே வேகத்தைக் குறையுங்கள், வெட்கமில்லாமல் நடங்கள்.

இருவருக்கு மேல் பக்கவாட்டில் ஓடாதீர்கள், நடப்பவர்களுக்கு வழி விடுங்கள். முன்னால் போகிறவர் பள்ளம் என்று கத்தினால் நீங்களும் பின்னால் இருப்பவருக்குச் சொல்லுங்கள். சிக்னலில் கூட்டம் தாண்டிப் போய்விட்டாலும் சிவப்பு விளக்கில் நில்லுங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.

முடிந்ததும் கிளம்பிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 15 நிமிடம் இருங்கள். ஓடும்போது மூச்சு வாங்குவதால் பேச்சு அரைகுறை. பழக்கம் பிறப்பது அதற்குப் பிந்தைய தண்ணீரிலும் காபியிலும்தான். இரண்டு பேரின் பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த வாரம் பெயர் சொல்லி வணக்கம் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். இடமாற்றம், மழை, ரத்து எல்லாம் அங்கேதான் வரும். ஸ்ட்ராவாவில் சேர்வதானால், அன்றிரவே அமைப்புகளில் போய் வீட்டுக்கு அருகே தொடங்கும், முடியும் பகுதிகளை மறைத்துவிடுங்கள்.

படி 6: மூன்று முறை

ஒரு முறை போய்த் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு நாள் வழிநடத்துபவர் வேறாக இருப்பார், இன்னொரு நாள் உங்கள் வேகத்துக்காரர் விடுப்பில் இருப்பார். மூன்று முறை போயும் உங்களை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, மூன்று முறையும் தனியாக வந்து சேர்ந்தீர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். வலியோடு ஓடச் சொல்லும் குழு, மெதுவானவர்களைக் கேலி செய்யும் குழு என்றால் மூன்றாவது முறைகூடத் தேவையில்லை.

நல்ல குழு கிடைத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. உற்சாகத்தில் வாரம் ஐந்து நாள் போய், ஆறாவது வாரத்தில் முழங்காலோ கெண்டைக்காலின் முன்னெலும்போ வலிக்கும். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், அதில் குழுவோடு ஒன்றோ இரண்டோ போதும்.

எதுவும் பொருந்தவில்லையென்றால்

மூன்று பேர் போதும், ஒரு குழு ஆகிவிடும். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம், ஒரே 4 கி.மீ. பாதை, இந்த நான்கையும் மூன்று மாதம் மாற்றாதீர்கள். நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் வரும் ஆளும் குறையும். ஒரே நேராகப் போய்த் திரும்பும் பாதையைவிட 2 கி.மீ. வட்டத்தை இருமுறை சுற்றுவது மேல். களைத்தவர் முதல் சுற்றோடு நின்றுகொள்ளலாம், யாரும் தொலைய மாட்டார்கள். வேகமானவர் ஒருவரும் மெதுவானவர் ஒருவரும் வாரம் மாற்றி மாற்றிக் கடைசியில் ஓடுங்கள். ரத்தானால் முந்தின இரவு 9 மணிக்குள் செய்தி போடுங்கள். போடவில்லையென்றால், ஒருவர் மட்டும் வந்தாலும் அன்று ஓட்டம் உண்டு.