ஓபல் மோதிரத்தை பால்ல ஊறப் போடாதீங்க

அக்டோபர்ல பிறந்தவங்களுக்கு ரெண்டு கல்லு, ஓபலும் டூர்மலினும். ஓபல் 1912ல அமெரிக்க நகைக்கடைக்காரங்க போட்ட பட்டியல்லயே இருக்கு, டூர்மலின் 1952ல தான் சேர்ந்துச்சு. ரெண்டும் நவரத்தினத்துல வராது, ஆனா சுக்கிரனுக்கு வைரம் வாங்க முடியாதவங்கள ஓபல் போடச் சொல்றாங்க, அதனால இப்ப நிறைய பேர் கையில பாக்குறேன். மத்த கல்லு மாதிரியே இதையும் புழங்குறத பாத்தா மனசு பதறுது.

எங்க அக்கா புது மோதிரத்தை வெள்ளிக்கிழமை காலைல பால்ல ஊற வச்சு மஞ்சள் தண்ணில கழுவி போட்டுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல உள்ள மின்னிட்டு இருந்த பச்சை, சிவப்பு எதையும் காணோம், வெறும் கண்ணாடித்துண்டு மாதிரி ஆயிடுச்சு. போலி கல்ல குடுத்துட்டான்னு ஒரே அழுகை. சில நாள் காஞ்சதும் நிறம் திரும்பி வந்துச்சு, ஆனா மஞ்சள் கறை மட்டும் போகவே இல்ல.

கல்லு அசல் தான், எத்தியோப்பியா ஓபல். 2008ல அங்க வொல்லோ பகுதியில கண்டுபிடிச்சது, நிறைய கல்லு ஜெய்ப்பூர்ல பட்டை தீட்டி வருது. இதுல பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத துளைங்க இருக்கும், தண்ணி, எண்ணெய், சென்ட்டு எதுல பட்டாலும் உள்ள உறிஞ்சிக்கும். தெரியாம நனைஞ்சிட்டா வெயில்ல வைக்காதீங்க, ஹேர் டிரையர் பிடிக்காதீங்க, நிழல்ல தானா காயட்டும். அவசரப்பட்டு சூடு காட்டுனா விரிசல் விட்டுரும், விரிசலை யாராலயும் சரி பண்ண முடியாது.

ஓபல் படிகமே கிடையாது. 150ல இருந்து 300 நானோமீட்டர் அளவுல சிலிக்கா உருண்டைங்க ஒழுங்கா அடுக்கி, நடுவுல தண்ணியும் இருக்கும், நல்ல ஓபல்ல பொதுவா எடையில 6ல இருந்து 10 சதவீதம் தண்ணி தான். அந்த அடுக்குல வெளிச்சம் பட்டு சிதறுறது தான் நாம பாக்குற வானவில், இத 1960கள்ல ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்து சொன்னாங்க.

தண்ணி இருக்குன்னு கேட்டதும் சிலர் நேர் எதிரா ஒரு தப்பு பண்றாங்க, கல்லு காஞ்சிடுமோன்னு எண்ணெய், கிளிசரின் தடவுறாங்க. கூபர் பீடி, லைட்னிங் ரிட்ஜ் மாதிரி ஆஸ்திரேலிய ஓபல்ல அது உள்ளயே போகாது, மேல பிசுக்கு தான் சேரும். எத்தியோப்பியா ஓபல்னா கல்லே மங்கிடும்.

வாங்கும்போது முழு கல்லா, டப்லெட்டா, ட்ரிப்லெட்டான்னு கேக்காம விடாதீங்க. டப்லெட்னா மெல்லிசான ஓபலுக்கு அடியில கருப்பா வேற எதையோ ஒட்டியிருப்பாங்க, ட்ரிப்லெட்ல மேலயும் ஒரு மூடி. வாங்கலாம், தப்பில்ல, ஆனா முழு கல்லு விலை குடுக்கக் கூடாது, தண்ணில ஊறவும் விடக் கூடாது, பசை விட்டுரும். பக்கவாட்டுல பாத்தா ஒட்டுன கோடு நேரா தெரியும், பின்பக்கம் மூடின மோதிரத்துல தெரியாது, அதனால கட்டுறதுக்கு முன்னாடியே கல்ல தனியா பாருங்க. ஓபலைட்னு விக்கிறது வெறும் கண்ணாடி.

அப்புறம் கீறலைத் தாங்குறத அளக்குற மோஸ் அளவுல (வைரம் 10) ஓபலோட கடினம் 5.5ல இருந்து 6.5 தான், வீட்டுத் தூசியில இருக்கிற குவார்ட்ஸ் 7. வறண்ட துணியில தேய்ச்சாலே கீறல் விழும். தினமும் பாத்திரம் தேய்க்கிற கைக்கு மோதிரமா வேண்டாம், டாலரோ கம்மலோ பண்ணிக்கங்க.

டூர்மலின் கொஞ்சம் தைரியமான கல்லு, 7ல இருந்து 7.5. பேரே சிங்களத்துல இருந்து வந்தது, டச்சுக்காரங்க இலங்கையில இருந்து கொண்டு போனாங்க, சூடாக்குனா மின்னேற்றம் வந்து சாம்பலை இழுக்கும்னு அதுக்கு சாம்பல் இழுப்பான்னே பேர் வச்சாங்க. கடை விளக்குச் சூட்டுல தூசி ஒட்டியிருக்கிறத பாத்து பழைய சரக்குன்னு ஒதுக்காதீங்க, அது இந்த கல்லோட குணம். ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு நிறத்தை முடிவு பண்ணாதீங்க, திருப்பிப் பாத்தா வேற சாயல் காட்டும், பகல் வெளிச்சத்துல பாருங்க. கடினமான கல்லு தானேன்னு அல்ட்ராசோனிக் மெஷின்லயோ நீராவியிலயோ போட விடாதீங்க, உள்ள திரவம் அடைபட்டிருக்கிற மெல்லிய கோடுங்க வழியா உடையலாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியும் மெல்லிய பிரஷும் போதும்.