ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி: புக் ஆர்டர்ல போகாதீங்க, ஜூன்லயே ஆர்கானிக்க தொடுங்க

ஸ்டேட் போர்டு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரில மொத்தம் 15 யூனிட், ரெண்டு வால்யூம். ஸ்கூல்ல மெட்டலர்ஜில ஆரம்பிச்சு வரிசையா நடத்திட்டு போவாங்க, குவார்ட்டர்லி வரைக்கும் முதல் வால்யூமே ஓடும், அப்புறம் அயனிக் ஈக்விலிப்ரியம், எலக்ட்ரோ கெமிஸ்ட்ரி எல்லாம் தாண்டி கார்பனைல், நைட்ரஜன் காம்பவுண்ட்ஸ் வர்றப்போ நவம்பர் டிசம்பர் ஆகிடும், கரெக்டா அப்பதான் ஹாஃப் இயர்லி, ரெக்கார்டு நோட், ரிவிஷன் டெஸ்ட்னு எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். நிறைய பேர் ஆர்கானிக்க சாய்ஸ்ல விட்டுட்டு போறது அது கஷ்டம்ங்கறதால இல்ல, லேட்டா தொட்டதாலதான். கிளாஸ்ல எந்த ஆர்டர்ல வேணா நடத்தட்டும், வீட்ல நீங்க ஜூன்லயே ஆர்கானிக் ஆரம்பிக்கற 11-வது யூனிட்ட கையில எடுத்துடுங்க.

அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் லெவன்த் புக்குக்கு குடுங்க. சில ஸ்கூல்ல லெவன்த் வருஷத்துலயே ட்வெல்த் போர்ஷன் ஓட்டிடறாங்க, இப்ப லெவன்த்துக்கு பப்ளிக்கும் இல்லைன்னு ஆனப்புறம் கேக்கவே வேணாம். ஆனா மோல் கான்செப்ட், ஆக்சிடேஷன் நம்பர், ஐயுபிஏசி பேரு வைக்கறது, இண்டக்டிவ் எஃபெக்ட், இந்த நாலும் தெரியாம ட்வெல்த் புக்க தொறந்தா எல்லாமே மனப்பாடம் பண்ற மாதிரிதான் தெரியும். முழு புக்கும் வேணாம், இந்த நாலு போதும்.

ஆர்கானிக்குக்கு வாங்க. ஒவ்வொரு ரியாக்‌ஷனையும் தனித்தனியா எழுதி படிச்சா மண்டைல நிக்காது. ஒரு பெரிய சார்ட் வாங்கி நடுவுல பென்சீன் டயசோனியம் குளோரைடுன்னு எழுதுங்க, அது விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி, அங்க இருந்து எல்லா பக்கமும் லைன் போகும். அனிலீன 273-ல இருந்து 278 கெல்வினுக்குள்ள நைட்ரஸ் ஆசிட்டோட சேத்தா இது வரும், இத தண்ணியோட சூடு பண்ணா பீனால், குப்ரஸ் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் போட்டா குளோரோபென்சீன், பொட்டாசியம் அயோடைடு போட்டா அயோடோபென்சீன், ஹைப்போஃபாஸ்ஃபரஸ் ஆசிட் போட்டா திரும்ப பென்சீன். ஒவ்வொரு அம்புக்குறி மேலயும் ரீஏஜென்ட்டையும் (எத சேக்கறோமோ அது) டெம்பரேச்சரையும் எழுதணும், அது இல்லாத அம்பு வேஸ்ட். ஏ, பி, சி கண்டுபிடின்னு வர்ற கேள்வி பூரா இந்த மாதிரி சார்ட்ல ஒரு ரூட்டுதான். அனிலீன்ல இருந்து ஏ, ஏ-வ தண்ணியோட கொதிக்க வச்சா பி, பி நியூட்ரல் ஃபெரிக் குளோரைடோட வயலட் கலர் குடுக்குது, ஜிங்க் டஸ்டோட சூடு பண்ணா சி வருதுன்னு கேட்டா, வயலட்ட பாத்ததுமே பி பீனால்னு தெரிஞ்சிடும், சி பென்சீன், ஏ எதுன்னு சார்ட்லயே இருக்கு.

நேம்டு ரியாக்‌ஷன்ல ஆல்டாலும் கேனிசாரோவும்தான் ரொம்ப குழப்பும். ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது கார்பனைலுக்கு பக்கத்து கார்பன்ல ஹைட்ரஜன், இருக்கான்னு மட்டும் பாருங்க, இருந்தா ஆல்டால், அசிட்டால்டிஹைடு மாதிரி. இல்லைன்னா கேனிசாரோ, ஃபார்மால்டிஹைடு, பென்சால்டிஹைடு மாதிரி.

பிசிகல் கெமிஸ்ட்ரி வாசிச்சு வராது, தினமும் ரெண்டு சம் பேப்பர்ல போடணும், ஞாயித்துக்கிழம உக்காந்து இருபது போடறது வேலைக்கு ஆகாது. கால்குலேட்டர தொடாதீங்க, பரீட்சைல லாக் டேபிள்தான், லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 5 = 0.6990 இந்த மூணும் மனசுல இருந்தா பாதி சம்முக்கு டேபிளே வேணாம். ஃபார்முலாவ டிரைவ் பண்ணி பாக்கறவங்களுக்கு சம்மும் ஈஸியா வரும். ஃபர்ஸ்ட் ஆர்டர் ரியாக்‌ஷன் 99.9 சதவீதம் முடிய ஹாஃப் லைஃப் (பாதி முடிய ஆகற டைம்) மாதிரி 10 மடங்கு டைம் ஆகும்னு காட்ட சொல்லி கேப்பாங்க. மீதி இருக்கறது ஆயிரத்துல ஒரு பங்கு, லாக் 1000 மூணு, 2.303-ஆல பெருக்கினா 6.909, அத 0.693-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10, அவ்ளோதான்.

இன்ஆர்கானிக்ல பி பிளாக் மட்டும் உண்மையிலேயே மனப்பாடம்தான், அதுல ஷார்ட்கட் இல்ல, தினம் தூங்கறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் எழுதி பாருங்க. கோஆர்டினேஷன் அப்படி இல்ல, அது லாஜிக். நிக்கல் சயனைடு காம்ப்ளெக்ஸ்ல சயனைடு ஸ்ட்ராங் லிகண்ட் (மெட்டலோட ஒட்டற குரூப்), எலக்ட்ரான ஜோடி சேக்க வச்சிடும், ஸ்கொயர் பிளேனார், டயாமேக்னடிக். அதே நிக்கல் குளோரைடோட வந்தா குளோரைடு வீக், ரெண்டு எலக்ட்ரான் தனியா நிக்கும், டெட்ராஹெட்ரல், பாராமேக்னடிக். இந்த ரெண்டையும் பக்கத்து பக்கத்துல பெட்டி போட்டு வரைஞ்சாலே பாதி யூனிட் புரிஞ்ச மாதிரி.

பிராக்டிகல் 30 மார்க், அதுல இன்டர்னல் 10. டைட்ரேஷன்ல பெர்மாங்கனேட் அடர் கலர்ங்கறதால ப்யூரெட்ல மேல் மெனிஸ்கஸ்தான் (வளைஞ்ச மட்டத்தோட மேல் விளிம்பு) ரீடிங். ஆக்சாலிக் ஆசிட சூடு பண்ணாம போட்டா முதல் சில சொட்டோட கலர் போகவே போகாது, நீங்க எண்ட் பாயிண்ட்னு நெனச்சு நிறுத்திடுவீங்க. பிங்க்குக்கு பதிலா பிரவுனா கலங்குச்சுன்னா சல்ஃப்யூரிக் ஆசிட் பத்தலைன்னு அர்த்தம், அந்த ரீடிங்க விட்டுட்டு மறுபடி போடுங்க.

நீட்டும் எழுதறவங்க ஒண்ணு கவனிங்க, 2024 சிலபஸ்ல இருந்து மெட்டலர்ஜி, சாலிட் ஸ்டேட், சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி எல்லாம் நீட்ல இல்ல, போர்டுல இருக்கு. இந்த மூணையும் போர்டு எக்ஸாமுக்கு கிட்டத்துல வச்சுக்கலாம். இன்ஜினியரிங் போறவங்க அப்படி எதையும் ஒதுக்க முடியாது, 200 கட்ஆஃப்ல கெமிஸ்ட்ரி மார்க் பாதியா 50-க்கு சேரும்.

ஜனவரில இருந்து புது பாடம் எதுவும் வேணாம், வாரம் ஒரு முழு பேப்பர், மூணு மணி நேரம், 70 மார்க், எழுந்திரிக்காம. ரெண்டு மார்க்லயும் மூணு மார்க்லயும் 9-ல 6 எழுதணும், ஆனா 24-வது கேள்வியும் 33-வது கேள்வியும் கட்டாயம், அங்க பெரும்பாலும் சம்மோ ஆர்கானிக் ரூட்டோதான் வரும், அதனால வாசிக்க குடுக்கற 10 நிமிஷத்துல முதல்ல அந்த ரெண்டையும் பாருங்க. ஒன் மார்க்ல ஆப்ஷன் எழுத்து மட்டும் போட்டுட்டு வராதீங்க, விடையையும் சேத்து எழுதணும்.