வார்டு இடைத்தேர்தல் வந்தால் நாம் செய்யும் தவறுகள்

கவுன்சிலர் ஒருவர் இறந்துவிடுகிறார், அல்லது ராஜினாமா செய்கிறார், அல்லது தகுதி இழக்கிறார். அந்த வார்டுக்கு மட்டும் தேர்தல் வருகிறது. மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிக்கையில் இதற்குப் பெயர் 'தற்செயல் தேர்தல்'. பேச்சில் நாம் இடைத்தேர்தல் என்கிறோம். சட்டமன்ற இடைத்தேர்தல் என்றால் தெருவுக்கு ஓர் அமைச்சர் நிற்பார், டிவி வேன் நிற்கும். வார்டு இடைத்தேர்தல் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாமல் வந்து முடிந்துவிடும். 2022 ஜூலை 9 அன்று தமிழ்நாட்டில் ஊரகம், நகர்ப்புறம் இரண்டிலும் காலியாக இருந்த இடங்களுக்கு இப்படித்தான் வாக்குப்பதிவு நடந்தது. அந்த வார்டுகளுக்கு வெளியே அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

இதில் நாம் செய்யும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான். சட்டமன்றத் தேர்தலில் பழகியதையே வார்டு தேர்தலிலும் எதிர்பார்க்கிறோம். பட்டியல், பதவிக்காலம், வாக்களிக்கும் முறை, புகார் கொடுக்கும் இடம் என எல்லாமே இங்கே வேறு.

அட்டை இருந்தால் ஓட்டு உண்டு என்று நினைப்பது

ஒரு தற்செயல் தேர்தலின்போது வாக்குச்சாவடிக்கு வெளியே, பட்டியல் பார்த்துச் சொல்லும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். காலை எட்டரை மணி இருக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் வாக்காளர் அட்டை. பட்டியலை இரண்டு முறை புரட்டினேன், பெயர் இல்லை. "போன தடவை இதே ஸ்கூல்லதானே தம்பி போட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அது சட்டமன்றத் தேர்தல். வார்டு எல்லை அவர் தெருவின் நடுவில் ஓடுகிறது. எதிர் வரிசை வீடுகளுக்குத்தான் அன்று தேர்தல். அவர் வீடு அடுத்த வார்டில் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று சாப்பிடாமல் வந்திருந்தார். அப்படியே திரும்பிப் போனார்.

உள்ளாட்சிக்குத் தனியாக வீடு வீடாகக் கணக்கெடுத்து வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் இருக்கும் பெயர்களையே எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். அதனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். முதலாவது, தொகுதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பது. அங்கே இல்லாவிட்டால் வார்டு பட்டியலிலும் இருக்காது. இரண்டாவது, எந்த வார்டில் இருக்கிறது என்பது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடினால் கிடைப்பது தொகுதி, பாகம் (தொகுதிப் பட்டியலின் உட்பிரிவு), சட்டமன்ற வாக்குச்சாவடி ஆகியவைதான். பாக எண்ணை வார்டு எண்ணாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் நிறைய பேர். வார்டு பட்டியலை உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும், அல்லது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்க வேண்டும்.

வீடு மாறியவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஒரே தொகுதிக்குள் நான்கு தெரு தள்ளிக் குடிபோனால் சட்டமன்றத் தேர்தலுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. வார்டு தேர்தலுக்கு அதுவே எல்லாவற்றையும் மாற்றிவிடும். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. இந்த வேலையைத் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள். அறிவிப்பைப் பார்த்த பிறகு ஓடுவது பெரும்பாலும் பலன் தருவதில்லை.

இந்த வார்டு கணக்கு தெரியாததால் ஒருவரை நாடே கேலி செய்தது. 2021 அக்டோபரில் கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் ஒரு வார்டு உறுப்பினர் பதவிக்கான தேர்தலில் ஒரு கட்சியைச் சேர்ந்த வேட்பாளருக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. 'வீட்டில் இருப்பவர்கள்கூடப் போடவில்லை' என்று சமூக ஊடகம் முழுக்கச் சிரித்தார்கள். அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஓட்டு இருந்தது வேறொரு வார்டில். போட்டியிட்ட வார்டில் அவராலேயே தனக்கு ஓட்டுப் போட முடியாது! ஊராட்சி வார்டு தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை என்பதையும் கேலி செய்த பலர் கவனிக்கவில்லை. அந்த மனிதர் பட்ட அவமானம் தேவையே இல்லாதது.

மேயருக்கு நாம்தான் ஓட்டுப் போடுகிறோம் என்று நினைப்பது

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தை அத்தனை முறை மாற்றியிருக்கிறார்கள். 1996-லும் 2001-லும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து மறைமுகத் தேர்தலுக்குத் திரும்பினார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நாம் கவுன்சிலருக்கு மட்டும்தான் ஓட்டுப் போட்டோம். 21 மாநகராட்சிகளின் மேயர்களைக் கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே மேயர் பதவி காலியானால் ஊருக்குள் வாக்குப்பதிவு நடக்காது. 2024 ஜூலையில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் ராஜினாமா செய்தபோது 'எப்போது எலெக்‌ஷன், எந்த ஸ்கூல்?' என்று என்னிடமே கேட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மாமன்றக் கூட்ட அரங்குக்குள்ளேயே தேர்தல் முடிந்துவிட்டது. திருநெல்வேலியில் போட்டி இருந்தது, கோவையில் போட்டியின்றித் தேர்வு.

மேயர் பதவியும் கவுன்சிலர் பதவியும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. மேயர் பதவியை மட்டும் விட்டவர் தன் வார்டின் கவுன்சிலராகவே தொடரலாம், அப்போது வார்டுக்குத் தேர்தல் வராது. கவுன்சிலர் பதவியையும் விட்டால், அல்லது அவர் இறந்துவிட்டால், இரண்டு தேர்தல் தேவை: வார்டில் மக்கள் ஓட்டு, மன்றத்தில் உறுப்பினர்கள் ஓட்டு.

'நம்ம கட்சிக்குத்தான் மெஜாரிட்டி, மேயர் உறுதி' என்று கணக்குப் போடுவதும் அடிக்கடி பிசகுகிறது. மறைமுகத் தேர்தலில் வாக்குச்சீட்டு ரகசியம். கட்சித் தாவலுக்குத் தகுதி நீக்கம் செய்யும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும்தான், உள்ளாட்சி மன்றங்களுக்கு அல்ல. சொந்தக் கட்சி வேட்பாளருக்கு எதிராகவே இன்னொருவர் மனு போட்டு நிற்பது இதனால்தான் நடக்கிறது.

ஜெயித்தவருக்கு ஐந்து வருடம் என்று நினைப்பது

தற்செயல் தேர்தலில் ஜெயித்தவருக்கு மீதிக்காலம் மட்டும்தான். மன்றத்தின் ஆயுள் அதன் முதல் கூட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு. அரசமைப்பின் 243-யு பிரிவு அப்படிச் சொல்கிறது. கவுன்சிலர் எப்போது வந்து சேர்ந்தாலும் மன்றம் முடியும் நாளில் அவர் பதவியும் முடியும். மன்றம் மொத்தமாகக் கலைக்கப்பட்டுப் புதிதாகத் தேர்தல் நடந்தாலும் இதே விதிதான். புது மன்றம் பழைய மன்றத்தின் மீதிக்காலத்தை மட்டும் ஆளும்.

'ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைத்தே ஆக வேண்டும்' என்று பலர் பிரிவு எண்ணோடு பேசுவார்கள். அந்தப் பிரிவில் உள்ள ஆறு மாதக் கெடு கலைக்கப்பட்ட மன்றத்துக்கானது. ஒற்றை வார்டு காலியிடத்துக்கு மாநிலச் சட்டத்தையும் விதிகளையும்தான் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்பது மிகத் தெளிவாக எழுதியிருக்கிற கட்டளை. ஆனாலும் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, நம் நகரங்கள் 2022 மார்ச் வரை அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருந்தன. ஐந்து வருடத்துக்கு மேல் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு கவுன்சிலர் இல்லை. அதைப் பெரிய விஷயமாக எடுத்துக் கேட்காமல் விட்டதும் நம் தவறுதான், அதை இன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஒதுக்கீட்டைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஆண் நிற்க முடியாது. பொது வார்டில் பெண் தாராளமாக நிற்கலாம். பட்டியலினத்தவரும் அப்படியே. 'இது ஜெனரல் வார்டும்மா, உங்களுக்கு இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு சுய உதவிக் குழுத் தலைவியை எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னவர் விவரம் தெரிந்தவர்தான். யாராவது இப்படிச் சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று கேளுங்கள், காட்ட முடியாது. வயதும் அப்படித்தான்: சட்டமன்றத்துக்கு 25, உள்ளாட்சிக்கு 21 போதும்.

வேட்பாளர்கள் கோட்டை விடும் இடங்கள்

நிற்பவரின் பெயர் அந்த ஊர்ப் பட்டியலில் ஏதாவது ஒரு வார்டில் இருந்தால் போதும். முன்மொழிபவர் மட்டும் போட்டியிடும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். மச்சானையோ நண்பரையோ அழைத்துப் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டு, பரிசீலனை நாளில் அவர் பெயர் அடுத்த வார்டில் இருப்பது தெரியவந்தால் மனு போச்சு. மனுவில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். கடைசி நாள் மதியம் வரிசையில் நிற்பதைவிட முதல் இரண்டு நாளிலேயே தாக்கல் செய்தால், குறை இருந்தாலும் இன்னொரு மனு போட நேரம் கிடைக்கும்.

அடுத்தது செலவுக் கணக்கு. 2022 நகர்ப்புறத் தேர்தலில் சென்னை கவுன்சிலர் வேட்பாளருக்கு உச்சவரம்பு 90,000 ரூபாய், மற்ற மாநகராட்சிகளில் 85,000. நோட்டீஸ், ஆட்டோ வாடகை, டீச் செலவு எல்லாம் இதில் சேரும். தோற்றவர்களும் போட்டியின்றி வென்றவர்களும் கணக்குத் தர வேண்டும். 'தோத்துட்டோமே, இனி என்ன கணக்கு' என்று விட்டுவிட்டு அடுத்த தேர்தலில் தகுதியின்மைப் பட்டியலில் தன் பெயரைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நோட்டாவைத் தேடுவது

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் இல்லை. ஒப்புகைச் சீட்டு காட்டும் கருவியும் இல்லை. உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு, இயந்திரம் பழுது என்று சத்தம் போட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் அறிவிக்கையோடு வரும் விளக்கத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது. அந்தத் தேர்தலில் மாநில அளவில் 60.70 சதவீதமும் சென்னையில் 43.59 சதவீதமும் வாக்குகள் பதிவாயின. எல்லா வார்டுகளுக்கும் சேர்ந்து நடந்த தேர்தலுக்கே தலைநகரில் இந்த நிலை என்றால், ஒற்றை வார்டு இடைத்தேர்தலில் வீட்டில் நான்கு பேர் கிளம்பினால் முடிவே மாறலாம்.

புகாரைத் தவறான வாசலில் கொடுப்பது

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு இதில் வேலை இல்லை. இரண்டும் தனித்தனி அமைப்புகள். பணம் கொடுப்பது, பட்டியல் குளறுபடி, எதுவானாலும் முதலில் அந்த வார்டின் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவைச் சுற்றவிடுவது புகார் ஆகாது.

எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால் முடிவு அறிவிப்பதற்கு முன்பே, அந்த மேசையிலேயே, காரணத்தோடு எழுதி மறு எண்ணிக்கை கேட்க வேண்டும். வாக்குகள் சமமானால் குலுக்கல்தான். 2022-லும் சில வார்டுகள் அப்படி முடிந்தன. முடிவு அறிவித்து, வென்றவர் சான்றிதழை வாங்கிய பிறகு மிஞ்சுவது தேர்தல் மனு ஒன்றே. அரசமைப்பின் 243-இசட்ஜி பிரிவு மற்ற வழக்குகளுக்கு வாசலை அடைத்திருக்கிறது. அந்த மனுவுக்குக் கெடு குறைவு. முடிவு வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். போகும்போது புகார் நகல்கள், எண்ணிக்கையின்போது உங்கள் சார்பில் உட்கார்ந்த முகவர் எழுதிவைத்த சுற்றுவாரி எண்ணிக்கைத் தாள் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.