கொழுப்பு கரைக்கிற புது கேப்சூல்னு யாராச்சும் நீட்டினா எப்படி செக் பண்றது

வேலூர்ல சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் ஜிம்முக்குப் போற தம்பிங்க மெடிக்கல் ஷாப்புல வந்து இப்ப கேக்குற பேரு 5-அமினோ-1எம்கியூ. "என்சைமை பிளாக் பண்ணுதாம்ணா, சாப்பாட்டை குறைக்கவே வேணாமாம், வாங்கலாமா?" இதான் கேள்வி. காசு குடுக்கறதுக்கு முன்னாடி கீழ சொல்றதை எல்லாம் பாத்துடுங்க.

என்சைம்னா உடம்புல ரசாயன வேலையை நடத்துற புரதம், மொதல்ல எந்த என்சைம்னு கேளுங்க. பேரு சொல்லத் தெரியாதவன்கிட்ட வாங்கவே வாங்காதீங்க. இது தடுக்கிறது என்என்எம்டி, கொழுப்புத் திசுவுலயும் ஈரல்லயும் இருக்கிறது, பி3 வைட்டமின் வகையான நிகோடினமைடு மேல மெத்தில்ங்கிற சின்ன ரசாயனத் துண்டை ஒட்டி விடுறதுதான் அதோட வேலை, அதைத் தடுத்தா நிகோடினமைடு மிச்சமாகி செல்லு எனர்ஜியை கூடுதலா செலவு பண்ணும்னு கணக்கு. 2014ல எலிங்களுக்கு அந்த என்சைமைக் குறைச்சுப் பாத்தாங்க, கொழுப்புத் தீனி போட்டும் அதுங்க அவ்வளவா குண்டாகல. 2018ல டெக்சாஸ்ல இந்த மருந்தையே குண்டு எலிங்களுக்குப் போட்டப்போ தீனி குறையாமலேயே எடை குறைஞ்சுது. ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான்.

ஆனா அடுத்த கேள்வி இங்கதான் வருது, எலியா மனுஷனா, ஊசியா கேப்சூலா, எத்தனை நாள்? 2018ல அந்த எலிங்களுக்குப் போட்டது ஊசி, அதுவும் ரெண்டு வாரம் கூட இல்ல. உங்களுக்கு விக்கிறது கேப்சூல், மாசக்கணக்கா போடச் சொல்றாங்க. சி75ன்னு இன்னொண்ணு இருந்துச்சு, கொழுப்பு உண்டாக்குற என்சைமைத் தடுக்கும், 2000ல எலிங்க தீனியே தொடாம சட்டுனு இளைச்சுதுங்க, பெரிய செய்தியாச்சு, இன்னி வரைக்கும் மனுஷனுக்கு மாத்திரையா வரல.

அப்புறம் சிடிஆர்ஐ, நம்ம நாட்டு மருந்து ட்ரையல் எல்லாம் பதிவு பண்ற சைட்டு, போன்லயே மருந்து பேரைப் போட்டுத் தேடலாம். "ட்ரையல்ல இருக்குது"ன்னு சொன்னா பதிவு நம்பர் கேளுங்க. நெஜமான ட்ரையல்னா உங்களுக்குப் புரியிற பாஷையில எழுதிக் காட்டி கையெழுத்து வாங்குவாங்க, பாதிப்பு வந்தா வைத்தியம் அவங்க பொறுப்பு, மருந்தை உங்களுக்கு விக்க மாட்டாங்க.

பாட்டிலைத் திருப்பி லேபிளை வெளிச்சத்துல வெச்சுப் படிங்க. கீழ ஓரத்துல பொடி எழுத்துல "ஆராய்ச்சிக்கு மட்டும்"னு இங்கிலீஷ்ல இருந்தா அது மனுஷன் முழுங்கறதுக்கு இல்ல. மருந்துன்னா உற்பத்தி லைசென்ஸ் நம்பர், பேட்ச், எக்ஸ்பயரி இருக்கணும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரைக் காட்டி "கவர்மென்ட் அப்ரூவல் இருக்குது"ம்பாங்க, அது உணவுப் பொருளுக்கான லைசென்ஸ். ஹெர்பல்னு எழுதியிருந்தாலும் நம்பிடாதீங்க, இதயத்துக்கு ஆபத்துன்னு 2011ல நம்ம நாட்டுல தடை பண்ண சிபுட்ரமைன்ங்கிற எடை குறைப்பு மருந்தை மூலிகை கேப்சூல்ல கலந்து வித்துப் பல நாட்டுல புடிச்சிருக்காங்க.

என்சைமைத் தடுத்து எடை குறைக்கிற மருந்துல மனுஷனுக்கு நெஜமா அப்ரூவல் ஆனது ஆர்லிஸ்டாட், அமெரிக்காவுல 1999லயே வந்துடுச்சு. குடல்ல கொழுப்பை செரிக்க வைக்கிற லைபேஸ்ங்கிற என்சைமைத் தடுக்கும், 120 மில்லிகிராம் சாப்பாட்டோட மூணு வேளை, சாப்புடுற கொழுப்புல சுமார் 30 சதவீதம் உடம்புல சேராம வெளிய போயிடும். வெளிய போறதுன்னா மலத்தோட எண்ணெயா போறது, ஆம்பூர் பிரியாணியை ஒரு கட்டு கட்டிட்டு இதைப் போட்டா உள்ளாடையில கறை புடிக்கிற அளவுக்கு அவசரமா வரும். ஆற்காடு மக்கன் பேடாவுல இருக்கிற நெய்யில கொஞ்சத்தைத் தடுக்கும், பாகுல ஊறின சக்கரையை ஒண்ணும் பண்ணாது. ஏ டி ஈ கே வைட்டமினும் கொறையும், அதனால மல்டிவைட்டமினை ராத்திரி படுக்கறப்ப தனியா போடணும். தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் கேப் விடணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க, கிட்னி மாத்தி வெச்சு, புது கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க சைக்ளோஸ்போரின் எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது, நம்ம ஊருக்கு ஆபரேஷனுக்குன்னே வந்து தங்குறவங்க இருக்காங்க, அவங்களுக்காகவும் சொல்றேன்.

ஏற்கெனவே அந்த புது கேப்சூலை முழுங்க ஆரம்பிச்சிருந்தா இன்னியோட நிறுத்திடுங்க. நெஞ்சு படபடப்பு, கண்ணு மஞ்சள், மூத்திரம் கருப்பா போறதுன்னு எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க, போறப்ப பாட்டிலைத் தூக்கிப் போடாம கையோட எடுத்துட்டுப் போங்க.