ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எந்தக் கிளட்ச் போனது? கழற்றும் முன் கண்டுபிடிப்பது எப்படி

"கியர்பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று பட்டறையில் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தெந்தக் கியரில் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடி நழுவுகிறது? இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் கியர்பாக்ஸைக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி. நான் தொழில் கற்றது ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில். இப்போது கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார், பேப்பரில் எழுது, அப்புறம் ஸ்பானரைத் தொடு. எங்கள் ஃபோர்மேன் வைத்த சட்டம் அது.

இங்கே நான் சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ள ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். ஏஎம்டி வண்டியில் இருப்பது சாதாரண மேனுவல் கிளட்ச்தான்; நம் காலுக்குப் பதில் ஒரு மெஷின் அழுத்துகிறது. அது வேறு கதை.

கியர்பாக்ஸுக்குள் பல கிளட்சுகள் உண்டு. ஒவ்வொன்றின் டிரம்முக்குள்ளும் ஒரு ஃபிரிக்‌ஷன் பிளேட், ஒரு ஸ்டீல் பிளேட் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். ஆயில் பிரஷர் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் அந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும். ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் கிட்டத்தட்ட காகிதம் மாதிரியான பொருள். அது தேய்ந்தாலோ, பிரஷர் குறைந்தாலோ பிடி நழுவும். நழுவினால் சூடு, சூட்டில் இன்னும் கருகும்.

முதலில் ஆயிலைப் பாருங்கள். டிப்ஸ்டிக் இருக்கும் வண்டி என்றால் ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ பரவினால் கவலை இல்லை. நடுவில் கரும்புள்ளிகள் தங்கி, கருகிய நெடியும் அடித்தால் லைனிங் உதிர்கிறது. பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்ணீர் பட்டால் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையே விட்டுப்போகும். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

அடுத்து, நின்ற இடத்தில் ஒரு சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி ஏசியை அணையுங்கள். ஐடிலில் நியூட்ரலிலிருந்து டி-க்கு (டிரைவ்) மாற்றி, வண்டி லேசாகக் குலுங்கிப் பிடிக்கும் வரை நேரம் பாருங்கள். டொயோட்டா மேனுவல்களில் வழக்கமாகக் காணும் கணக்கு: டி-க்கு 1.2 விநாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். காலையில் ஆறிய வண்டி மட்டும் தாமதித்து, சூடானதும் சரியாகிவிட்டால் பிளேட்டை விட பிஸ்டன் சீல் மீதுதான் எனக்குச் சந்தேகம். ரப்பர் இறுகியிருக்கும்.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கியரிலும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாமல் நிற்கிறதா என்று கவனித்து எழுதுங்கள். எழுதியதைக் கிளட்ச் சார்ட்டோடு ஒப்பிடுவதுதான் மொத்த வித்தையும். எந்தக் கியருக்கு எந்தக் கிளட்ச் பிடிக்கும் என்ற அட்டவணை ஒவ்வொரு மாடலின் ரிப்பேர் மேனுவலிலும் இருக்கும்.

நான் படித்த பாடம் டொயோட்டாவின் ஏ340. பழைய ஹைலக்ஸிலும் சூப்ராவிலும் வந்த நாலு கியர் பெட்டி. அதில் சி என்றால் கிளட்ச், பி என்றால் பிரேக் (சுழலும் பாகத்தைப் பெட்டியோடு பிடித்து நிறுத்துவது). சி1 முன்னோக்கிப் போகும் நாலு கியருக்கும் வேண்டும், ரிவர்ஸுக்கு வேண்டாம். சி2 மூன்றிலும் நான்கிலும் ரிவர்ஸிலும் பிடிக்கும். ஆகவே முன்பக்கம் எல்லாக் கியரும் நழுவி, ரிவர்ஸ் கிண்ணென்று பிடித்தால் சி1. ஒன்று, இரண்டு நன்றாக இருந்து, மூன்று, நான்கு, ரிவர்ஸ் நழுவினால் சி2. நான்கு மட்டும் நழுவினால் ஓவர்டிரைவ் பிரேக் பி0.

ரிவர்ஸ் மட்டும் நழுவினால்? மூன்றாவது நன்றாக இருப்பதால் சி2 தப்பித்துவிட்டது; மிச்சம் பி3. உறுதி செய்ய ஒரு வழி உண்டு. இறக்கத்தில் மெதுவாக எல்-இல் (லோ, முதல் கியர்) போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எல்-இல் இன்ஜின் பிரேக்கிங் தருவதும் இதே பி3தான். வண்டி பிடிமானம் இல்லாமல் உருண்டோடினால் பி3 காலி. டி-யில் முதல் கியரில் ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ஒன்-வே கிளட்ச் தாங்கிக்கொள்வதால், அங்கே இந்தக் கோளாறு வெளியே தெரியாது. ஓட்டுகிறவரும் "ரிவர்ஸ் மட்டும்தாங்க பிரச்சினை" என்பார்.

எல்லாக் கியரும், ரிவர்ஸ் உட்பட, ஒரே மாதிரி நழுவினால் அத்தனை கிளட்சும் ஒரே நாளில் தேய்ந்திருக்காது. ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப், லைன் பிரஷர் என்று பொதுவான இடங்களைப் பாருங்கள். ஒரு லிட்டர் ஆயிலில் முடிகிற வேலையாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு தொந்தரவு: 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, ரோட்டில் வரிசையாகக் கோடு போட்ட இடத்தில் ஏறினதுபோல ஒரு நடுக்கம். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள் (பின்னால் வண்டி வராதபோது). பிரேக் சுவிட்ச் வேலை செய்ததும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் (சீரான வேகத்தில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) விடுபட்டு ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். நடுக்கமும் அதோடு நின்றால் கோளாறு கன்வெர்ட்டருக்குள். இதற்கு முதலில் சரியான கிரேடு ஆயில் மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் கியர் ஸ்லிப்புக்குப் புது ஆயில் ஊற்றினால், போன லைனிங் முளைத்து வராது.

புது வண்டிகளில் ஸ்கேனர் உதவும். அதில் வரும் கோளாறு எண்களில் P0731 முதல் P0735 வரை ஒன்று முதல் ஐந்தாம் கியர் வரையான ரேஷியோ கோளாறு (அந்தக் கியரின் சுழற்சிக் கணக்கு பொருந்தவில்லை), P0736 ரிவர்ஸ். அதையும் சார்ட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால், மெக்கானிக்கிடம் ஆயில் பேனைக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது சகஜம். கருப்புத் துகள் லைனிங். பித்தளை மினுமினுப்பு புஷ் அல்லது வாஷர். பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். டொயோட்டா பிளேட்டுகளில் லைனிங் மேல் எண்கள் அச்சடித்திருக்கும். அதில் ஒரு பகுதி அழிந்திருந்தாலே மாற்றச் சொல்கிறது மேனுவல். ஸ்டீல் பிளேட்டில் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுகிறவரிடம் உஷார். பிளேட் சும்மா கருகாது. அந்தக் கிளட்சின் ஆயில் வழியில் காற்று அடித்துப் பார்க்க வேண்டும்: பிஸ்டன் 'டப்' என்று நகர்ந்தால் சரி, 'உஸ்ஸ்' என்று கசிந்தால் சீல் போயிருக்கிறது, புதுப் பிளேட்டும் அதே வழியில் போகும். மாட்டும் முன் புதுப் பிளேட்டைக் குறைந்தது 15 நிமிடம் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் ஊற வைக்க வேண்டும். மூடுவதற்கு முன் கிளியரன்ஸை (பிளேட் அடுக்கில் விடும் இடைவெளி) ஃபீலர் கேஜில் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) அளந்து, எண்ணை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.